ஆயம்மாவை வைத்துக்கொண்டு போக்கர் ஆட முடியாது

எங்கள் மேசைக்கு எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். சீட்டே தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்கள், தோற்றால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர்கள், வடையைத் தின்ற எண்ணெய்க் கையோடு சீட்டைத் தொடுகிறவர்கள். எல்லாரையும் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது ஆயம்மா ஒருவரைத்தான்.

போக்கர் என்பது பொய் சொல்கிற விளையாட்டு. ஆளுக்கு இரண்டு சீட்டுக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டை ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். நம் இரண்டும் நடுவில் இருப்பதும் நல்ல சேர்க்கையாக வந்தால் பந்தயத்தை ஏற்றலாம். வராவிட்டாலும் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஏற்றலாம். எதிரில் இருப்பவன் பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டால், கையில் ஒன்றுமே இல்லாதவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளலாம். ருசியே அதில்தான் இருக்கிறது. ஆயம்மாவுக்கோ அடுத்தவன் முகத்தில் பொய்யைப் பார்த்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு நான்கு வருஷம் எங்களோடு விளையாடினார். எங்கள் உயிரை வாங்கினார் என்று சொல்வதுதான் சரி.

எனக்கு இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக் கடைவீதியில் ஒரு புடவைக்கடை. மாடியில் துணி மூட்டை போட்டு வைக்கிற அறை. துபாயில் ஒரு ஹோட்டல் சமையலறையில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்த ஒருவன்தான் போக்கரை இந்த ஊருக்குக் கொண்டுவந்தான். அவனை நாங்கள் துபாய்க்காரன் என்றே கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்தியதும் அவனும், ஓட்டோ ஓட்டுகிற அவன் மச்சானும், பள்ளிக்கூடத்து மாஸ்டர் ஒருவரும், நானும் மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு உட்காருவோம். காசை மேசையில் வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று கடையிலிருந்து கோட்டுப் பொத்தான் எடுத்து வைத்தேன். ஒரு பொத்தான் பத்து ரூபா. ஒருவன் ஒரே நாளில் ஐந்நூறு ரூபா தோற்றுவிட்டால் அடுத்த ஞாயிறு வரைக்கும் அதுதான் பேச்சு. ஆறு மணி பஸ்ஸுக்கு எல்லாரும் எழுந்து விடுவோம்.

ஆயம்மா வந்தது ஒரு மழை நாளில். பாவாடைத் துணி வாங்க வந்தவர், மழை விடட்டும் என்று கடைக்குள் நின்றார். மேலே ஓட்டோக்காரன் ஏதோ சத்தம் போட்டுச் சிரித்தான். "அது நம்ம டிவிசன் பய சத்தமாச்சே" என்றார். நான் தடுப்பதற்குள் படியேறிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். மேலே போனால் மூன்று ஆண்களும், மாஸ்டர் உட்பட, சீட்டை மறைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள்.

அவர்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மா இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவர். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இந்த மூன்று பேருமே அவர் கட்டிய ஏணையில் கிடந்தவர்கள். பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க ஓடிவருகிற வரைக்கும், எந்தப் பிள்ளை பசிக்கு அழுகிறது, எது எறும்பு கடித்து அழுகிறது, எது சும்மா பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அழுகிறது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் இருபத்தேழு வருஷமும் செய்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

"ஒக்காருங்கடா. என்னடா விளையாடுறீங்க?" என்றார். ஓட்டோக்காரன் அப்போதுதான் பந்தயத்தை ஏற்றியிருந்தான். பத்துப் பொத்தானை நடுவில் தள்ளிவிட்டு, பெரிய வியாபாரி மாதிரி சாய்ந்து உட்கார்ந்தான். ஆயம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"டேய், ஒங்கிட்ட ஒண்ணுமே இல்ல. எதுக்குடா இத்தனையத் தள்ளுற?"

அவன் முகம் விழுந்துவிட்டது. "ஆயம்மா, நீங்க என் சீட்டையே பாக்கலையே!"

"சீட்ட எதுக்குடா பாக்கணும்? ஒன் காதப் பாத்தேன். காம்பராவுல மூத்திரம் பேஞ்சிட்டுச் சொல்லாமப் படுத்திருப்ப. அப்பவும் இந்த மாதிரித்தான் காது செவந்து கெடக்கும்."

முப்பத்தைந்து வயது ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். மாஸ்டர் மூட்டை மேல் விழுந்து சிரித்தார். அவர் சிரிப்பு அடங்குவதற்குள் ஆயம்மா அவர் பக்கம் திரும்பினார். "நீ என்ன சிரிக்கிற? ஒனக்கும் ஒண்ணும் வரல. எச்சி முழுங்கிக்கிட்டு இருக்க."

ஒரு மணி நேரத்தில் விளையாட்டைப் படித்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு சரியாக இரண்டு மணிக்கு, மடியில் சுருக்குப்பையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். போ என்று சொல்ல மற்ற மூன்று பேருக்கும் வாய் வரவில்லை. நான் சொல்லலாம். ஆனால் அவர் கையோடு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தார். வெளியே முழங்கை மறைகிற பனி. சொல்லவில்லை.

அவருக்குத் தெரிந்ததைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தால் எங்கள் நான்கு பேர் பொத்தானையும் ஒவ்வொரு வாரமும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கலாம். அதுவும் செய்ய மாட்டார். அடுத்தவன் பொய்யைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தன் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். தனக்கு நல்ல சீட்டு வந்தால் அதையும் சொல்லிவிடுவார். "எனக்கு நல்லா வந்திருக்கு, வீணா காசப் போடாம எல்லாரும் சீட்டக் கீழ வச்சிருங்க" என்பார். நாங்களும் வைத்துவிடுவோம். இதற்கு எதற்கு ஐந்து பேர் மாடியேறி வந்து உட்கார வேண்டும்?

என்னை மட்டும் அவரால் படிக்க முடியாது என்று எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. நான் அவர் ஏணையில் கிடந்தவன் இல்லை. போதாததற்கு வியாபாரி. அடக்க விலைக்குக் கீழே கேட்கிற ஆளிடமும் சிரித்த முகமாக நிற்கப் பழகியவன். முதல் மாதம் முழுக்க அவர் என் பக்கம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தார். ஒரு ஞாயிறு எனக்கு இரண்டு ராஜா வந்தது. மூன்றாவது ராஜா நடுவில் விழுந்தது. சும்மா கிடக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாரும் வச்சிருங்கடா. மொதலாளிக்குப் பெருசா வந்திருக்கு."

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"நல்ல சீட்டு வந்தா நீங்க டீ கேப்பீங்க. இப்பக் கேட்டீங்கள்ள?"

கேட்டிருந்தேன். எனக்கே தெரியாமல் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் கவனமாக, ஒன்றும் வராத நேரம் பார்த்து "ஆயம்மா, ஒரு டீ" என்றேன். போத்தலைத் திறக்கக் கூட இல்லை. "இது பொய் டீ" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த மேசையில் நான் டீ குடிப்பதையே விட்டுவிட்டேன்.

சட்டம் போட்டுப் பார்த்தோம். சீட்டைக் கவிழ்த்தவர்கள் அந்த ஆட்டம் முடிகிற வரை பேசக்கூடாது என்று நானே ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் குத்தினேன். ஆயம்மா வாசித்துக் காட்டச் சொன்னார். சரியான சட்டம் என்று தலையாட்டினார். சீட்டைக் கவிழ்த்தார். பேசவில்லை. ஓட்டோக்காரன் ஒன்றுமில்லாமல் ஏற்றினான். ஆயம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தாலாட்டுப் பாட ஆரம்பித்தார். எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அவன் சீட்டை வீசிவிட்டு எழுந்துபோய் ஜன்னலில் நின்று பதுளை ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டுக்கும் சேர்த்து அபராதம் போட்டோம். ஒரு வார்த்தைக்கு ஒரு பொத்தான். ஆயம்மா எட்டுப் பொத்தானை எண்ணி என் முன்னால் வைத்தார். "எட்டு வார்த்தைக்கு வச்சிருக்கேன், சரியா?" என்று கேட்டுவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பி, "கைல ஏழும் ரெண்டும்தான் இருக்கும், அதுக்கு ஏன்டா இந்த நடிப்பு?" என்றார். எட்டு வார்த்தைதானா என்று துபாய்க்காரன் விரல் விட்டு எண்ணினான். நான் எண்ணவில்லை. எனக்குத் தலைவலி வந்திருந்தது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. ஒரு நாள் மாஸ்டர் நல்ல சீட்டோடுதான் இருந்தார், அது எனக்கே தெரிந்தது. ஆயம்மா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எல்லார் முன்னாலும் கேட்டார்.

"வீட்டுல அவ இல்லையாடா?"

மாஸ்டர் பொத்தான்களை எண்ணி அடுக்க ஆரம்பித்தார்.

"ஒன் மூஞ்சி ரெண்டு வாரமா சரியில்ல. சண்ட போட்டுட்டுப் போயிட்டாளா?"

மாஸ்டர் சீட்டை மேசையில் வைத்தார். பொத்தான்களைக் கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில், "ஆயம்மா, இது காம்பரா இல்ல, நாங்க கைப்புள்ளைங்களும் இல்ல. இனி வராதீங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் போத்தலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மூன்று வாரம் அவர் இல்லாமல் விளையாடினோம். எல்லாரும் இஷ்டத்துக்குப் பொய் சொன்னோம். யார் பொய்யும் பிடிபடவில்லை, யாருக்கும் சிரிப்பும் வரவில்லை. நான்காவது வாரம் மாஸ்டர் வந்தார். கூடவே ஆயம்மாவும் வந்தார். இந்த அம்மா பஸ் ஏறி மாஸ்டரின் மாமியார் வீட்டுக்கே போய், இரண்டு நாள் அங்கே தங்கி, அந்தப் பெண்ணைப் பேசிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "மொதலாளி வரவேணாம்னு சொன்னாரு. நீ கூட்டிக்கிட்டுப் போனா ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு இவங்கிட்டச் சொன்னேன்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் சீட்டைக் கலைத்துப் போட்டேன். வேறென்ன செய்வது?

அந்த வருஷம்தான் தோட்டத்து வீடமைப்புத் திட்டத்தில் ஆயம்மாவுக்கு வீடு கிடைத்தது. ஏழு பேர்ச் காணியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, தனிக் குழாய். பிறந்தது முதல் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில் இருந்தவர். பக்கத்துக் காம்பராவில் ஒருவன் இருமினால் இவர் எழுந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் நடுவில் சுவர். காணி உறுதிப் பத்திரம் கைக்கு வந்த அன்று அதை மூன்று பொலித்தீன் பைக்குள் போட்டு என் கடைக்குக் கொண்டுவந்தார். அதில் அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று என்னைக் காட்டச் சொன்னார். காட்டினேன். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "கதவச் சாத்துனா சத்தமே இல்லிங்க. எனக்குத் தூக்கமே வரல" என்றார். ஒரு ஞாயிறு எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கோழிக்கறி ஆக்கிப் போட்டார். அறை அறையாக எங்களைக் கூட்டிப்போய் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார். அந்த மாதிரி சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மகனை அவர் கூட்டிக்கொண்டு வந்தது அதற்கு அடுத்த வருஷம். நாடு கடனில் விழுந்து, பாதிப்பேர் வெளிநாடு போகப் பாஸ்போட்டுக்கு வரிசையில் நின்ற காலம். மகனுக்கு முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பெரிய போன். சிவனொளிபாதமலை சீசன் நேரத்தில் அடிவாரத்து நல்லதண்ணியில் கடை போட்டிருந்தவன், பிறகு கொழும்புக்குப் போனவன். ஊர்ப் பிள்ளைகளின் மூத்திரக் கதையெல்லாம் எங்களுக்குச் சொன்ன ஆயம்மா, சொந்த மகனைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்.

அவனையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டோம். சீட்டைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். ருமேனியாவில் பிஸ்கட் கம்பனியில் வேலை. ஏஜென்சிக்குப் பணம் கட்ட வேண்டும். அம்மாவுடைய வீட்டை ஈடு வைத்தால் ஹட்டனில் பணம் கொடுப்பதற்கு ஆள் இருக்கிறது. போய் ஆறே மாதத்தில் மீட்டுவிடலாம். இதைச் சொல்லும்போது கட்டைவிரலால் போனின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முகம் பார்க்கத் தெரியாத எனக்கே அது சரியாகப் படவில்லை.

அரை மணி நேரம் கழித்து ஓட்டோக்காரன், "அங்க குளிரு எப்புடிடா, வேலைக்குள்ள?" என்று சும்மா கேட்டான்.

"வேலை செய்யிற எடம் இன்னும் குளிருதான். கோழி வெட்டுற கம்பனில்ல."

ஓட்டோக்காரனின் கை பொத்தான் மேல் அப்படியே நின்றது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் ஆயம்மாவைப் பார்த்தோம். இரண்டரை வருஷமாக அந்த வாயை மூடவைக்க என்னென்னவோ செய்தவர்கள், இப்போது அது திறக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தை போதும். காதைப் பற்றி, விரலைப் பற்றி, எதைப் பற்றியாவது. ஆயம்மா வடைத் தட்டை மகன் பக்கம் நகர்த்தினார். "சாப்புடு, ஆறிப்போகுது" என்றார்.

நான் கேட்டேன். "பாஸ்போட் வந்திருச்சா தம்பி?"

"ஏஜென்சியில இருக்குங்க."

"ஏஜென்சி எங்க?"

"கொட்டாஞ்சேனைப் பக்கம்."

"எந்த ரோட்டுல? நான் மாசா மாசம் துணி எடுக்கப் போறவன், எனக்குத் தெரியாத ரோடு இல்ல."

அவன் போனைப் பார்த்தான். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஆயம்மா, இவன் பொய் சொல்றான். மொதல்ல பிஸ்கட்டுன்னான், இப்பக் கோழிங்கிறான். ஊர்ல உள்ள எல்லாப் பொய்யும் ஒங்களுக்குத் தெரியுது, இது தெரியலையா?"

ஆயம்மா என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் அப்படி ஒரு கோபத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

"மொதலாளி, நீங்க சீட்டக் கவுத்துட்டீங்க. கவுத்தவங்க பேசக்கூடாது. நீங்க போட்ட சட்டம்தானே?"

அந்த ஆட்டத்தில் மிஞ்சியிருந்தது அவரும் மகனும்தான். மகன் தன் முன்னால் இருந்த எல்லாப் பொத்தானையும் நடுவில் தள்ளினான். ஆயம்மா அவனைப் பார்த்தார். பிறகு தன் சீட்டைப் பார்த்தார். கவிழ்த்துவிட்டார். மகன் தன் சீட்டைத் திருப்பிப் போட்டுச் சிரித்தான். நாலும் ஒன்பதும். ஒன்றுமில்லை. "அம்மாவ ஏமாத்திட்டேன் பாத்தீங்களா!" என்றான். ஆயம்மாவும் சிரித்தார், பல் தெரியச் சிரித்தார். அவர்கள் கை கழுவப் போனபோது நான் அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு ராணி கிடந்தது. அவர் கையில் இரண்டு ராணி இருந்திருக்கிறது.

மகன் கீழே இறங்கியதும் நான் ஆயம்மாவை மாடிப்படியில் மறித்தேன். "ஒங்களுக்கு நெசமாவே தெரியலையா?"

"தெரியாம என்னங்க. அவன் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன்?"

படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காம்பராவுல முப்பது புள்ளைங்க. இவனும் அதுல ஒண்ணு. எம்புள்ளைய நான் மொதல்ல தூக்குனா மத்த பொம்பளைங்க சும்மா இருப்பாங்களா? அவ புள்ளைக்குத்தான் பாக்குறா, நம்ம புள்ள அழுதுகிட்டுக் கெடக்குன்னு தோட்டத்துத் தொரை வரைக்கும் போயிரும். அதனால இவனக் கடைசியாத்தான் தூக்குவேன். பத்து மணிக்கு எல்லாம் வந்து அதுஅது புள்ளைக்குப் பால் குடுக்கும். எனக்கு அப்பத்தான் வேலை கூட. இவன் பாத்துகிட்டே கெடந்து அழுவான். அப்புறம் அழுகுறத விட்டுட்டான். எட்டு மாசத்துலயே விட்டுட்டான் மொதலாளி. அதுக்கப்புறம் பசிக்குதுன்னு கூட எங்கிட்டக் கேட்டதில்ல. இன்னைக்குத்தான் கேக்குறான்."

"பொய் சொல்லில்ல கேக்குறான்."

"எப்புடியோ கேக்குறான்ல" என்றார்.

எனக்கு அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம்தான் வந்தது. இந்த ஊரில் அத்தனை பேருடைய அழுகையையும் பிரித்துப் பிரித்துத் தெரிந்த ஒருத்தி, கடைசியில் வீட்டைக் கொண்டுபோய் ஒரு நாலுக்கும் ஒன்பதுக்கும் கொடுக்கப் போகிறாளே என்று எரிச்சல். அதே வாரம் புதன்கிழமை ஆயம்மா கடைக்கு வந்தார். வீட்டை ஈடு எழுத நொத்தாரிசிடம் சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு ஆள் வேண்டுமாம். ஒருவர் கிடைத்துவிட்டார், இன்னொருவர் நான். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் சொல்வதற்கு முன்னாலேயே, "வேற யாருகிட்டயும் கேக்க எனக்கு வெக்கமா இருக்குங்க" என்றார். போய்க் கையெழுத்துப் போட்டேன். விஷயம் தெரிந்துதானே போடுகிறீர்கள் என்று நொத்தாரிசு கேட்டார். ஆமாம் என்றேன். இன்றுவரை அந்தக் கையெழுத்தை நினைத்தால் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

ஒன்றரை வருஷத்தில் வீடு போய்விட்டது. ஆயம்மா தங்கச்சியுடைய லயக் காம்பராவுக்கு, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைக்கு வருவது நின்றது. அதன் பிறகு ஓட்டோக்காரன் கொழும்புக்கு ஹயர் போனபோது மகனைப் பார்த்திருக்கிறான். புறக்கோட்டையில் நடைபாதையில் போன் உறை விற்றுக்கொண்டிருந்தானாம். இவனைக் கண்டதும் சந்துக்குள் போய்விட்டானாம். ருமேனியாவாவது, மண்ணாவது.

போன மாதம் தலவாக்கலை பஸ் நிலையத்தில் ஆயம்மாவைப் பார்த்தேன். இளைத்துப் போயிருந்தார். கையில் ஒரு மரக்கறிப் பை.

"மகன் எப்படி இருக்கான் ஆயம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நல்லா இருக்காங்க. அங்கதான், ருமேனியாவுல. வாராவாரம் போன் பேசுறான். காசு அனுப்புறேன்னான், நாந்தான் வேணாம்னுட்டேன், ஒனக்குச் சேத்து வச்சுக்கன்னு."

சொல்லும்போது பையில் ஏற்கெனவே போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டார். நிற்கிற பஸ்ஸைப் பார்த்தார், பஸ்ஸின் டயரைப் பார்த்தார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய். சின்னப்பிள்ளைக்குக் கூட இதைவிட நன்றாகச் சொல்ல வரும்.

"ரொம்ப சந்தோசம் ஆயம்மா. நல்லா இருக்கட்டும்" என்றேன். என் வியாபாரி முகத்தை எவ்வளவு கெட்டியாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு கெட்டியாக வைத்துக்கொண்டேன். பையை வாங்கி பஸ்ஸில் ஏற்றி, அவரை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு இறங்கி நின்றேன். அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் நகர்ந்தது. ஆயம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"மொதலாளி! ஒங்களுக்குத் தெரிஞ்சிருச்சு! மூக்கு வெடைக்குது ஒங்களுக்கு! அவன் போகலன்னு யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க!"

டிரைவர், கொண்டக்டர், கடலை விற்கிறவன், டிக்கட்டுக்கு நின்ற சனம், அவர் தோட்டத்துக்கே போகிற நாலைந்து பெண்கள், எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.